மழைக்காலத்துப் பிரதிஷ்டைப் பண்டிகை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் பழைய டிசம்பருக்குப் போய்விடுகிறது. ஒருவர் மயிலாப்பூர் மாட வீதிக் கோலங்களைச் சொல்கிறார். இன்னொருவர் சாந்தோம் வீடுகளில் தொங்கிய காகித நட்சத்திரங்களைச் சொல்கிறார். "உங்க வீட்ல எப்படி?" என்று நீங்கள் என் பக்கம் திரும்பும்போதெல்லாம் நான் சிரித்து மழுப்பியிருக்கிறேன். எங்கள் வீட்டில் கோலமும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. ஆனால் ஒரே ஒரு டிசம்பரில் விளக்கு இருந்தது. அதைப் பற்றிப் பேச இத்தனை வருஷம் எனக்குக் கூச்சம். அதில் சம்பந்தப்பட்ட பெரியவர்கள் யாரும் இப்போது இல்லை. சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

எழுபதுகளின் தொடக்கம். எனக்குப் பத்து வயது இருக்கும். அபிராமபுரத்தில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் அப்பா, அம்மா, நான் மூவரும் குடியிருந்தோம். அப்பா ஒரு கம்பெனியில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை காலையில் மந்தைவெளியில் ஒரு சந்துக்குள் இருந்த சபைக்கு நடந்தே போவோம். சபை என்றதும் மணியும் கோபுரமும் உள்ள கோயிலை நினைக்காதீர்கள். ஓட்டுக் கூரை, வெள்ளையடித்த சுவர், ஆண்களுக்கு ஒரு பக்கம் பெண்களுக்கு ஒரு பக்கம் பெஞ்சுகள், நடுவில் ஒரு மேசை, அதன்மேல் வெள்ளைத் துணி மூடிய அப்பமும் திராட்சரசமும். படம் கிடையாது. சிலுவைகூடக் கிடையாது. வேதத்தில் கட்டளையாகச் சொல்லாத பண்டிகை எதையும் நாங்கள் கொண்டாடுவதில்லை. கிறிஸ்துமஸும் அதில் சேர்த்தி.

பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கும். "நீ கிறிஸ்டியன்தானே, கேக் எங்கடி?" என்று பக்கத்து பெஞ்சுப் பெண் கேட்பாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, இந்த வருஷம் செய்யவில்லை என்பேன். வருஷா வருஷம் அம்மாவுக்கு டிசம்பரில் உடம்பு சரியில்லாமல் போயிற்று.

அப்பா பிறவிக் கிறிஸ்தவர் இல்லை. தெற்கேயிருந்து வந்து தி. நகரில் ஜவுளிக்கடை வைத்த குடும்பம் அவருடையது. கல்லூரி நாட்களில் மனம் மாறி ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார். கடைப்படியும் மிதிக்கக் கூடாது, வீட்டுப்படியும் மிதிக்கக் கூடாது என்று பெரியப்பா சொல்லிவிட்டாராம். ஒரு மழை மாலையில் அப்பா குடை வாங்க என்னைத் தி. நகருக்குக் கூட்டிப்போனார். பெரியப்பா கடையில் அப்போதுதான் சாயங்கால விளக்கு ஏற்றி, சாம்பிராணி போட்டிருந்தார்கள். அந்த வாசனை மழையோடு கலந்து தெருவரைக்கும் வந்தது. அப்பா தெருவில் நின்றுவிட்டார்.

"உள்ள போலாமாப்பா?" என்றேன்.

"அது நமக்கு இல்லம்மா."

அவ்வளவுதான். குடை வாங்காமலே நனைந்துகொண்டு பஸ் ஏறினோம்.

சபையில் அப்பாவை எல்லோருக்கும் பிடிக்கும். எல்லோரும் அவரைக் கவனித்துக்கொண்டும் இருந்தார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. மனம் மாறி வந்தவர் மறுபடி எந்தப் பக்கம் சாய்வார் என்று ஒரு கண் எப்போதும் அவர்மேல் இருந்தது.

அந்த வருஷ மழையோடு பெரியம்மா வந்தாள். அம்மாவின் அக்கா. நாகர்கோவில் பக்கத்தில் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். கொஞ்ச காலத்தில் புருஷன் அவள்மேல் ஏதோ பழி சொல்லித் தள்ளிவைத்துவிட்டு வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு அவள் கொச்சியில், ஒரு யூதர் வீட்டில், கண் தெரியாத ஒரு அம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். அந்த அம்மாள் இறந்து, வீட்டார் இஸ்ரேலுக்குக் கப்பலேறியதும் பெரியம்மாவுக்குப் போக்கிடம் இல்லை. ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். அந்த ஞாயிறு முதல் எங்களோடு சபைக்கும் வந்தாள்.

அந்தப் பெட்டியிலிருந்துதான் விளக்கு வந்தது. கொச்சி வீட்டார் கொடுத்துவிட்டுப் போனது. சுவரில் மாட்டுகிற மாதிரி கைக்குட்டை அளவில் ஒரு பித்தளைத் தகடு. அடியில் வரிசையாக எட்டுக் குழிகள், மேலே ஓரமாகத் தனியாக ஒன்று. டிசம்பரில் பௌர்ணமி கழிந்து நிலா தேய்ந்து வந்த ஒரு மாலையில் பெரியம்மா ஜன்னலருகே காலண்டர் மாட்டியிருந்த ஆணியில் அதை மாட்டி, தேங்காய் எண்ணெய் விட்டு, மேலே தனியாக இருந்த திரியை ஏற்றி, அதிலிருந்து ஒரே ஒரு திரியைப் பற்றவைத்தாள். நாளுக்கு ஒன்று கூடுமாம். நான் தெருவுக்கு ஓடிப்போய் மழையில் நின்று எங்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்தேன். எங்கள் வீட்டைப் பார்த்து நான் சந்தோஷப்பட்ட முதல் டிசம்பர் அது.

அப்பா வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

"என்ன மதினி இது?"

"ஹனுக்கா தம்பி. நம்ம ஆண்டவர் போன பண்டிகைதான். அசுத்தமாப் போன தேவாலயத்தைச் சுத்தம் பண்ணி மறுபடி ஒப்புக்கொடுத்தாவளே, அது. யோவான்ல பிரதிஷ்டைப் பண்டிகைன்னு வருதே. மழைக்காலம்னுகூட எழுதியிருக்கே."

அப்பா வேதத்தை எடுத்துத் தேடினார். ஆண்டவர் அந்தப் பண்டிகை நாளில் ஆலய மண்டபத்தில் உலாவிக்கொண்டிருந்ததாக அதில் இருக்கத்தான் செய்தது. மூடி வைத்தார்.

"ஜன்னல்கிட்ட வேண்டாமே."

"வெளிய தெரியணும்னு அவிய சொல்லுவாவ."

அப்பா சட்டையை மாற்ற உள்ளே போனார். அம்மாதான் கவலைப்பட்டாள். அவளுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. "அந்த அனுக்காவை உள்ரூம்ல வச்சா என்னக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நாலாவதோ ஐந்தாவதோ நாள் பெரியம்மாவுக்குக் காய்ச்சல். போர்வைக்குள் கிடந்தாள். அம்மா அடுப்படியில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னலில் இருட்டிக்கொண்டு வந்தது. அப்பா எழுந்து போய்ப் பஞ்சை எடுத்து உள்ளங்கையில் உருட்டித் திரியாக்கினார். எண்ணெயில் நனைத்து, நுனியை விரலால் லேசாகப் பிழிந்து, ஒரே தீக்குச்சியில் ஏற்றினார். பெரியம்மாவுக்குக்கூட ஒவ்வொரு நாளும் இரண்டு மூன்று குச்சி ஆகும். கையில் ஒட்டிய எண்ணெயை ரொம்ப நாள் பழக்கம்போலத் தலையில் தடவிக்கொண்டார். அப்புறம் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய இரண்டு கைகளும் ஒன்றையொன்று தேடி மார்புக்கு நேராக வந்தன. சட்டென்று அவற்றைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். நான் பார்த்ததை அவர் பார்த்தார்.

"போய்ப் படி" என்றார்.

எதிர்வீட்டு மாமி நல்ல மனுஷி. மழையில் துணி நனைந்தால் எடுத்து வைப்பாள். கார்த்திகைக்குப் பொரி உருண்டை கொடுத்துவிடுவாள். அதை நாங்கள் சாப்பிடக் கூடாது. அம்மா வாங்கி, அவள் மனம் நோகாமல் வேலைக்காரிக்குக் கொடுத்துவிடுவாள். அந்த மாமி எங்கள் ஜன்னலைத் தினமும் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறாள். ஒருநாள் எங்கள் சபைச் சகோதரி ஒருவர் குடையைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது, தெருவில் நிறுத்திச் சொன்னாள்:

"கார்த்திகை முடிஞ்சு இத்தனை நாளாச்சு, இவாத்துல மட்டும் இன்னும் விளக்கேத்திண்டிருக்கா பாருங்கோ. என்ன லட்சணமா இருக்கு! ஆயிரம் சொன்னாலும் அந்த மனுஷருக்குப் பழைய வாசனை விட்டுடுமா?"

அன்பாகத்தான் சொன்னாள். இரண்டு நாள் பொறுத்து, மாலையில், சபையின் மூத்த சகோதரரும் இன்னொருவரும் வந்தார்கள்.

மூத்த சகோதரரைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். ஓய்வுபெற்ற வாத்தியார். எனக்கு டைபாய்டு வந்தபோது ராத்திரியெல்லாம் ஜெபித்தவர். நாற்காலியில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த காப்பியைக் குடித்து முடித்த பிறகே விளக்கை ஏறிட்டுப் பார்த்தார்.

"இது என்ன சகோதரி?"

பெரியம்மா சொன்னாள். கொச்சி வீடு, கண் தெரியாத அம்மாள், தேவாலயம், ஆண்டவர் அந்தப் பண்டிகைக்குப் போனது எல்லாம். நாள் எப்படித் தெரியும் என்று கேட்டார். நிலா தேய்வதை வைத்து ஒரு உத்தேசமாக என்றாள்.

"அப்ப நிலா பார்த்து நாள் குறிக்கிறீங்க." அவர் குரலை உயர்த்தவில்லை. "ஆண்டவர் போனார், வாஸ்தவம். விளக்கு ஏத்தினார்னு எழுதியிருக்கா?"

"இல்லை."

"அவர் ஒளியா வந்துட்டார். நிஜம் வந்த பிறகு நிழலை எதுக்குப் பிடிச்சிக்கிட்டிருக்கணும்?"

"நீங்க சொல்றதும் சரிதான்" என்றாள் பெரியம்மா. அவளுக்கு வாதாடத் தெரியவில்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். அப்புறம் திடீரென்று பேசினாள்.

"எனக்கு எழுத்து அவ்வளவு தெரியாது ஐயா. எண்ணெய் எட்டு நாள் எரிஞ்சுதுன்னு சொல்லுவாவ, அதுகூட எனக்குப் பெரிசில்ல. அந்தக் கோயிலை எவனோ ஒரு ராசா அசிங்கம் பண்ணிட்டான். பலிபீடத்துல பன்றியை வெட்டினான். திரும்பி வந்தவிய அதைக் கண்ணால பாத்திருப்பாவல்லா? வெக்கமா இருந்திருக்கும். இனி இது வேண்டாம், வேற இடத்துல கட்டிக்கிடலாம்னு போயிருக்கலாம். போகல்லியே. உள்ள போயிக் கூட்டி, கழுவி, இது உமக்குத்தான்னு மறுபடி கொடுத்தாவ. நம்ம ஆண்டவரும் அந்த இடத்துக்குத்தான் நடந்து போனாரு, ஒருக்கா அசிங்கப்பட்ட இடமாச்சேன்னு நினைக்கல்ல. என் வீட்டுக்காரன் என்னைப் பத்திச் சொன்னதை ஊரே நம்பிச்சு. நான் ஏழெட்டு வருஷம் எந்தக் கோயில் வாசலையும் மிதிக்கல்ல. நான் அழுக்குன்னு நானே நம்பிட்டேன். அந்த அம்மா இந்தக் கதையைச் சொன்ன வருஷந்தான் திரும்பப் போனேன். அதுக்குத்தான் ஐயா இந்த விளக்கு. வேற ஒண்ணும் இல்ல."

மூத்த சகோதரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கூட வந்தவர் அவர் முகத்தைப் பார்த்தார்.

"உங்க மனசு எனக்குப் புரியுது. ஆனா பார்க்கிறவங்களுக்குப் புரியாதே. எதிர்வீட்ல இருந்து வந்த பேச்சு சபை முழுக்கப் பரவிடுச்சு. ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும், தெரியாம செஞ்சுட்டேன், தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. போதும்."

"விளக்கை எடுத்துடுதேன். இனி ஏத்தல்ல. தப்புன்னு சொல்ல மட்டும் எனக்கு வாய் வராது ஐயா."

அப்போது கூட வந்தவர் அப்பா பக்கம் திரும்பினார். "சகோதரரே, கேக்குறதுக்கு மன்னிக்கணும். நீங்க இதை ஏத்தினீங்களா?"

அம்மா காப்பி டம்ளர்களை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். நான் உள்ரூம் கதவுக்குப் பின்னால் இருந்தேன்.

"இல்லை" என்றார் அப்பா. "எனக்கு இதுல பங்கு இல்லை."

பெரியம்மா அன்று போர்வைக்குள்ளிருந்து பார்த்திருந்தாளா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

நான் என் அப்பாவைப் பார்த்து வெட்கப்பட்டது அதுதான் முதல் தடவை. பத்து வயதில் அந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அன்று சாப்பிடும்போது அவர் என் தட்டில் அப்பளத்தை உடைத்துப் போட்டார். நான் அதைத் தொடவில்லை.

மறுநாள் அப்பா விளக்கை ஒரு மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு நொச்சிக்குப்பத்துக்குப் போனார். எண்ணெய்ப் பிசுக்கு பையில் ஊறியிருந்தது. மழை விட்டு, கடல் பழுப்பாக இருந்தது. கரையில் வலையை உதறிக்கொண்டிருந்த ஒருவரிடம் பையை நீட்டி, கடலில் தூரமாகப் போகும்போது போட்டுவிடச் சொன்னார். அவர் பையைத் திறந்து பார்த்தார்.

"இன்னா சார் இது, நல்ல பித்தள. இத்தப் போயி கடல்ல போடச் சொல்றே?" அப்பாவின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "வூட்ல யார்னா பூட்டாங்களா?"

அந்த மனிதர் பையை மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கிக் கட்டுமரத்தின் மேல் வைத்தார். கடலில் போட்டாரா, வீட்டுக்குக் கொண்டுபோனாரா, தெரியாது. வீட்டுக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும் என்று பிற்காலத்தில் நான் நிறைய முறை ஆசைப்பட்டிருக்கிறேன். திரும்பும்போது அப்பா என் கையைப் பிடிக்க வந்தார். நான் செருப்பில் மணல் புகுந்துவிட்டதாகக் குனிந்துகொண்டேன்.

ஞானஸ்நானம் எடுத்தவர்கள் வாராவாரம் சபையில் பகிர்ந்து உண்ணும் அப்பத்திலிருந்து பெரியம்மாவை நிறுத்தி வைத்தார்கள். அப்படி நிறுத்தப்பட்டவர்கள், ஆணானாலும் பெண்ணானாலும், கூடத்தின் கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும். அங்கேதான் ஞானஸ்நானம் எடுக்காத பிள்ளைகளும் உட்காருவோம். வழிப்போக்கராக வந்தவர்களுக்கும் அதே இடம். அப்பத் தட்டு எங்களுக்கு முந்தின பெஞ்சோடு திரும்பிவிடும். இனி வரமாட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், நானும் உள்ளுக்குள் அப்படித்தான் வேண்டிக்கொண்டேன். அவள் வந்தாள். வெள்ளைச் சேலை கட்டி, தலையில் முக்காடு போட்டு, எங்கள் நடுவில் உட்கார்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பாடினாள். பிள்ளைகள் என்னை இடித்துச் சிரித்தார்கள். "உங்க பெரியம்மா என்னடி பண்ணாங்க?" என்று ஒருத்தி காதில் கேட்டாள். எனக்குக் காது மடல் சுட்டது.

தை பிறந்து, பனி விட்டு, வெயில் ஏறத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பம் பிட்கும் முன் சகோதரர்கள் யாராவது எழுந்து ஜெபிப்பது வழக்கம். அப்பா எழுந்தார். ஜெபிக்கப் போகிறார் என்று எல்லோரும் தலை குனிந்தார்கள்.

"அந்த விளக்கை ஒருநாள் நானும் ஏத்தினேன்" என்றார். தலைகள் நிமிர்ந்தன. "கேட்டப்போ இல்லைன்னு பொய் சொன்னேன். எனக்கு ஏத்தத் தெரியும். சின்ன வயசுல இருந்து கைக்குப் பழக்கம். ஏத்தினப்போ மனசுக்கு நல்லா இருந்தது. அதை நினைச்சுப் பயந்துட்டேன். அந்தப் பயத்தை மதினி தலையில ஏத்திட்டேன்."

வேதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, அத்தனை பெஞ்சுகளையும் தாண்டி நடந்து வந்து, கடைசி பெஞ்சில் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிள்ளைகளுக்கான பெஞ்சு அது. அவருடைய முழங்கால் மார்புவரை வந்தது. பெரியம்மா இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

இதைக் கேட்கிற நீங்கள், அந்தப் பெண் அன்று தன் அப்பாவைப் பற்றிப் பெருமைப்பட்டிருப்பாள் என்று நினைக்கலாம். இல்லை. பொய் சொன்னபோது வந்த வெட்கத்தைவிட, உண்மை சொன்னபோது வந்த வெட்கம் பெரிதாக இருந்தது. முன்னதை நாங்கள் மட்டும்தான் அறிவோம். இதை மந்தைவெளி முழுக்க அறிந்தது. வாரா வாரம், பிள்ளைகளோடு பிள்ளையாக முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அப்பாவுக்குப் பக்கத்தில் நான் தலை குனிந்தே உட்கார்ந்திருந்தேன். அவருக்கு அது எத்தனை பெரிய விடுதலை என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது.

கோடை போய் மறுபடி மழை வந்தது. ஒரு சனிக்கிழமை மூத்த சகோதரர் வீட்டுக்கு வந்தார்.

"போதும் சகோதரரே. நாளைக்கு நீங்க உங்க இடத்துல வந்து உக்காரணும்."

"மதினி?"

"அவங்க அந்த ஒரு வார்த்தையைச் சொல்லட்டும். நான் என்ன செய்ய?" அவர் உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னார்.

மறுநாள் நல்ல மழை. அப்பா வழக்கம்போலக் கடைசி பெஞ்சுக்கே வந்தார். அப்பத் தட்டு ஒவ்வொரு பெஞ்சாக வந்தது. எங்களுக்கு முந்தின பெஞ்சில் அது திரும்பிப் போக வேண்டும். மூத்த சகோதரர் எழுந்து அதைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, எங்கள் பெஞ்சுவரைக்கும் வந்து, அப்பாவிடம் நீட்டினார். எல்லோரும் திரும்பி எங்களைப் பார்க்கிறார்கள் என்பது பார்க்காமலே எனக்குத் தெரிந்தது. நான் மோவாய் நெஞ்சில் படும்படி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டேன்.

அடுத்து நடந்ததை அம்மா சொல்லித்தான் அறிவேன். அப்பா தட்டை வாங்கினார். தான் எடுக்காமல், அதைப் பெரியம்மாவுக்கு முன்னால் பிடித்தார். அவள் மூத்த சகோதரரை ஏறிட்டுப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. எடு என்றும் சொல்லவில்லை. பெரியம்மா ஒரு துணுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அப்பா எடுத்தார். அடுத்த வாரம் பெரியம்மா அம்மாவுக்கு அருகில் முன் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. சாகும்வரை அங்கேதான் உட்கார்ந்தாள்.

அவள் முகம் அந்த நிமிஷம் எப்படி இருந்தது என்று அம்மா எத்தனையோ முறை எனக்குச் சொல்லிக் காட்ட முயன்றிருக்கிறாள். சொல்ல வரவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவள் நான். நான் பார்த்ததெல்லாம் சிமெண்டுத் தரையையும், மழையில் நனைந்து வந்த மூத்த சகோதரரின் வெறுங்கால்களையும்தான். அந்தக் கால்கள் வெகுநேரம் அங்கேயே நின்றன.